உப்புச் சாடி மூடி

3.2.1988 புதன்

மைனரே, இன்றைக்கும் ரசத்தில் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன்.

மைனர் என்று கூப்பிட்டது நமக்குள் மட்டும்தான். புருஷன் பேரைச் சொல்ல வாய் வராது, எழுதவும் கை வரவில்லை. மில்லில் வருஷா வருஷம் உங்களுக்குக் கொடுக்கிற டைரியை இந்த வருஷமும் மறக்காமல் கொடுத்தனுப்பி இருக்கிறார்கள். நீங்கள் ஒரு பக்கம்கூட எழுதினது கிடையாது. அஞ்சாங் கிளாஸ் படித்தவள் எழுதுகிறேன். கோட்டுக்குக் கீழே எழுத்து இறங்காமல் இருந்தால் சரி.

ரசத்தை அடுத்த வீட்டு அலமேலக்காவின் எருமைத் தொட்டியில் ஊற்றினேன். அது மோந்து பார்த்துவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது. சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. ஐப்பசியில் நீங்கள் போன பிறகு இன்றைக்குத்தான் சிரித்திருக்கிறேன் போல.

11.2.1988 வியாழன்

எல்லாம் உங்கள் அம்மா போட்ட சட்டத்தால் வந்தது. சமைக்கிறவள் நாக்கில் வைத்துப் பார்க்கக் கூடாது. முதலில் ஆண்டாள் படத்துக்கு, அப்புறம் உங்களுக்கு, கடைசியில்தான் எனக்கு. கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து நான் ருசி பார்த்ததே இல்லை.

எனக்கோ மறதி. போட்டேனா இல்லையா என்று மறுபடி சாடி மூடியைத் தூக்குவேன். கொல்லையில் துவைக்கிற கல்லில் பேப்பரும் கையுமாக உட்கார்ந்திருக்கிற நீங்கள் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துவீர்கள். "ஏட்டி பூரணம், போட்டாச்சு! மூடியை வை!"

ஒரு நாள் சொன்னீர்களே — "அந்தப் பிள்ளையே மாலையைத் தான் போட்டு அழகு பாத்துட்டுத்தான பெருமாளுக்குக் குடுத்துச்சு? நீ ஒரு சொட்டு நக்கிப் பாத்தா அது கோவிச்சுக்கிடுமாக்கும்?"

"ஆண்டாள் செஞ்சா ஆசை. நான் செஞ்சா எச்சில்" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தீர்கள்.

21.2.1988 ஞாயிறு

டி.வி.யில் படம். அலமேலக்கா வந்து, "என்னம்மா, பெட்டி கெட்டுப் போச்சா? சத்தத்தையே காணோம்?" என்றாள். மில் மெஷின் உங்கள் காதைத் தின்றுவிட்டதால் நாம் எப்போதும் முழுச் சத்தத்தில்தான் வைப்போம். அவள் தன் வீட்டில் இருந்தபடியே முழுப்படமும் கேட்டுவிடுவாளாம். பாவமாக இருந்தது. கூட்டி வைத்தேன்.

6.3.1988 ஞாயிறு

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மருமகன் நம்பி வந்தார். அவரைப் பார்த்த சந்தோஷத்தில் கத்தரிக்காய்ப் பொரியலுக்கு ரெண்டு தடவை உப்பு, சாம்பாருக்கு ஒரு தடவைகூட இல்லை. மனுசன் ரெண்டையும் கலந்து பிசைந்து சாப்பிட்டுவிட்டு ஒரு செம்புத் தண்ணீர் குடித்தார். இன்னொரு செம்பு கேட்டார். நல்ல பிள்ளை. அவர் கொண்டுவந்த பால்கோவாவை அவருக்கே கொஞ்சம் எடுத்துக் கொடுத்தேன்.

13.3.1988 ஞாயிறு

நம் மகள் வல்லி பஸ் ஏறி வந்துவிட்டாள். வயிறு தெரிய ஆரம்பித்திருக்கிறது. முகத்தில் தனிக் களை. வந்த காரியத்தைச் சொல்லாமல் முறுக்கை நொறுக்கிக்கொண்டே இருந்தாள். அப்புறம் மெதுவாக, "அம்மா, கோவிச்சுக்கிடாத. வைகாசியில கட்டுச்சோத்துக்கு ஆளு வச்சுக்கிடுவோம். எங்க அத்தை வீட்டு ஆளுக வாய் சும்மா இருக்காது."

ஏழாம் மாசம் ஏழு வகைச் சோறு கட்டிக்கொண்டு சம்பந்தி வீட்டுக்குப் போய், அவர்களைச் சாப்பிட வைத்து, வளையல் போட்டு, பேறுகாலத்துக்குப் பிள்ளையை அழைத்து வர வேண்டும். அந்தச் சோற்றை வேறு ஆள் பொங்குவதா?

"ஆளு வேணாம். நான் பாத்துக்கிடுதேன்" என்றேன். அவள் கிளம்பிப் போன பொறவு அழுகையா வந்துச்சு. ஊரான் வீட்டுக் கையால பொங்குன சோத்தைத் தூக்கிட்டுப் போயா எம்புள்ளையக் கேப்பேன்? எனக்குன்னு இருக்கிறதே இந்தக் கை ஒண்ணுதான — அதுவும் போச்சா?

9.4.1988 சனி

உப்புப் போட்டதும் ஒரு புளியங்கொட்டையை மாடத்தில் வைப்பது என்று முடிவு செய்தேன். நல்ல யோசனைதான். புளி கரைக்கும்போது விழுந்த கொட்டையையும் அதே மாடத்தில் வைத்துவிட்டேன்.

16.4.1988 சனி

அலமேலக்காவை ருசி பார்க்கச் சொன்னேன். ஆண்டாளுக்குக் காட்டிவிட்டுத்தான். ஒரு வாய் வைத்ததும், "அய்யோ ராமா, உப்பு உப்பு!" என்று கத்தினாள். எல்லாவற்றிலும் தண்ணீர் விட்டு விளாவினேன். சப்பென்று ஆகிவிட்டது. அப்புறம்தான் சொல்கிறாள், பிரஷருக்காக டாக்டர் உப்பையே நிறுத்தச் சொல்லி ஆறு மாசம் ஆகிறதாம், வெறும் சோறே அவளுக்குக் கரிக்கிறதாம். "முன்னாலயே சொன்னா என்னக்கா?" என்றால், "நீ கேக்கலியே?" என்கிறாள்.

26.5.1988 வியாழன்

நாளைக்குக் கட்டுச்சோறு. புளி ஊறுகிறது.

28.5.1988 சனி

நேற்று எழுத நேரமில்லை. எல்லாம் சொல்கிறேன்.

விடிய விடிய சமையல். முதலில் புளிச்சோறு. கிளறி இறக்கினேன். போட்டேனா? தெரியவில்லை. சாடி மூடியைத் தூக்கினேன். கொல்லையில் சத்தம் இல்லை. மூடியைக் கையில் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ. ஆண்டாள் படத்தைப் பார்த்தேன். தோள் மாலையும் அதுவுமாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தாயே, நீ செஞ்சதைத்தான் செய்யுதேன்" என்று சொல்லிவிட்டு, உள்ளங்கையில் நாலு பருக்கை வைத்து வாயில் போட்டேன்.

உப்பே இல்லை!

போட்டேன். மறுபடி பார்த்தேன். அடேயப்பா, மைனரே, சூடாக, எல்லாருக்கும் முந்தி, அடுப்படியிலேயே நின்றுகொண்டு சாப்பிட்டால் புளிச்சோறு இம்புட்டு ருசியா! இத்தனை வருசமும் ஆறினதைத்தானே சாப்பிட்டிருக்கிறேன். எலுமிச்சை, தேங்காய், தயிர், எள்ளு, எல்லாவற்றிலும் ஒரு வாய். சர்க்கரைப் பொங்கலுக்கு உப்புத் தேவையில்லை, இருந்தாலும் ரெண்டு வாய். மாங்காய்ச் சோறு பொங்கி முடிக்கையில் எனக்கு வயிறு நிறைந்துவிட்டது.

சம்பந்தி அம்மா புளிச்சோற்றை மூன்றாம் தடவை கேட்டு வாங்கினார்கள். "யார் கை மதினி இது?" என்றார்கள். வல்லி முந்திக்கொண்டு, "எங்கம்மா கைதான், வேற யாரு?" என்றாள். நம்பி ஒரு செம்புத் தண்ணீர்தான் குடித்தார். வளையல் போட அலமேலக்காவை முன்னால் அனுப்பிவிட்டு நான் பின்னால் நின்றேன். அங்கிருந்தே வளையல் சத்தம் நன்றாகக் கேட்டது.

சாயங்கால பஸ்ஸில் பிள்ளையைக் கூட்டி வந்துவிட்டேன்.

2.6.1988 வியாழன்

வல்லிக்கு வீட்டுக்குள் புழுக்கம். கொல்லையில் உங்கள் கல்லில் போய்க் காற்று வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். இங்கே குழம்பு கொதித்தது. ருசி பார்த்தாயிற்று, உப்பு சரி. ஆனாலும் ஒரு ஆசை. சாடி மூடியைத் தூக்கி, ணங்கென்று வைத்தேன். பதில் இல்லை. இன்னொரு தடவை வைத்தேன்.

ஜன்னலுக்குப் போய், "ஏட்டி, கேக்கலையா?" என்றேன்.

"என்னதும்மா?"

"சாடி மூடி. உங்கப்பா அங்கன இருந்துதான சத்தம் குடுப்பாரு."

"இங்க ஒண்ணும் கேக்கலியே. அடுத்த வீட்டு எருமை மூச்சு விடுறதுதான் கேக்கு." கழுத்தை நீட்டிப் பார்த்தாள். "ஆனா ஜன்னல் வழியா நீதான் நல்லாத் தெரியுத. நெத்தியில மஞ்சப்பொடி ஒட்டியிருக்கு பாரு, துடை."

துடைத்தேன்.

மைனரே, தபால்காரர் வாசலில் நின்று தொண்டை கிழியக் கத்தினாலும் உங்கள் காதில் விழாதே. அம்புட்டு வருசமும் அந்தக் கல்லுல உக்காந்து நீங்க பேப்பரைத்தான் பாத்துக்கிட்டு இருந்தீங்களா?