மண்டபத்தை ஒட்டிய வீடு

உ
சிவமயம்

பாளையங்கோட்டை
28.4.97

அன்புள்ள மகன் நடராஜுக்கு அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நீயும் மருமகளும் குழந்தையும் அந்த மஸ்கட் வெயிலில் நோய் நொடி இல்லாமல் இருக்கக் காந்திமதி அம்மையை வேண்டிக்கொள்கிறேன். இங்கே நாங்களும் இருக்கிறோம், சுகத்துக்கு ஒன்றும் குறைவில்லை என்று எழுதத்தான் ஆசை, ஆனால் உன்னிடம் பொய் எழுதி என்ன ஆகப் போகிறது. அப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் கூடியிருக்கிறது, எனக்கு முழங்கால் வலி பழகிவிட்டது. கேஸை எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள் என்று அப்பாவுக்கு நீ எழுதிய கடிதம் வந்தது. அவர் படித்துவிட்டு மடித்து என் கையில் கொடுத்தார், நீயே பதில் போட்டுவிடு என்றார். அதனால் நான் எழுதுகிறேன். கேஸை விட்டாயிற்று. போன வியாழக்கிழமை அப்பா வாபஸ் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். கோபப்படாமல் முழுவதையும் படி.

அரிசி ஆலை ஆவுடைநாயகம் பக்கத்து மனையில் வீடு கட்டுவதாகப் பிளான் வாங்கி மண்டபம் கட்டினதும், குடியிருக்கிற தெருவில் மண்டபம் கூடாது, வண்டி நிறுத்த அவன் இடமே விடவில்லை என்று அப்பா ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினதும் உனக்குத் தெரியும். முகூர்த்த நாளில் நம் கேட்டைத் திறக்க முடியாது, வேனை எடுக்கச் சொன்னால் டிரைவர் சாப்பிடப் போயிருப்பான். ஜெனரேட்டர் புகை நேராக அடுக்களைக்குள் வரும். மனுவில் தெருவே கையெழுத்துப் போட்டது. பிறகு ஒருத்தர் பேத்திக்குக் காது குத்த மண்டபத்தைச் சும்மா வாங்கினார், இன்னொருத்தர் மகனுக்கு ஆலையில் வேலை வாங்கினார், எல்லாரும் பைய நழுவிவிட்டார்கள். கடைசி வரை நின்றது எதிர்வீட்டுப் பாலம்மாள் மதினி ஒருத்திதான். அவளுக்குத்தான் காரணம் இருந்தது. போன ஆவணியில் அவள் வீட்டுக்காரர் ஐயம்பெருமாள் அண்ணாச்சிக்குக் கை கால் இழுத்துக்கொண்டபோது அவர்கள் வாசலை அடைத்துக்கொண்டு கல்யாண பஸ் நின்றது, ஆட்டோ உள்ளே வர முடியவில்லை. நாற்காலியில் உட்கார வைத்து அப்பாவும் இன்னும் மூன்று பேரும் தெரு முக்கு வரைக்கும் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். உயிர் தங்கிற்று, பேச்சு திரும்பவில்லை. கோர்ட்டில் கேட்டால் இவுகளையே கொண்டுவந்து காட்டுதேன் என்று சொல்லியிருந்தாள். அவளை நம்பித்தான் அப்பா கேஸ் போட்டார், அவரை நம்பித்தான் அவளும் இருந்தாள்.

இந்த நேரத்தில்தான் நம் பிருந்தாவுக்கு அம்பாசமுத்திரம் வரன் கூடி வந்தது. முப்பது தாண்டிவிட்டது, இரண்டு இடம் கிட்ட வந்து தட்டிப்போனது, உனக்குத் தெரியாதது இல்லை. நல்ல பையன், கூட்டுறவு பாங்கில் வேலை. வரன் கொண்டுவந்த கொம்பையா சித்தப்பா முதலிலேயே சொல்லிவிட்டார், கேஸைப் பத்தி மட்டும் வாயைத் திறந்திராதிய, கோர்ட்டு ஏறுத வீடுன்னா பெண் எடுக்க யோசிப்பாவ என்று. சரி என்று இருந்தோம். வெற்றிலை மாற்றுகிற அன்று தாம்பூலத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, கல்யாணம் எங்கே என்று மாப்பிள்ளையின் அப்பா கேட்டார். உன் அப்பா, பெண் வீட்டுக்காரன் சொல்கிற முறைக்கு, எல்லாம் உங்க சௌகரியம் போல என்றார். நானும் பக்கத்தில் நின்று தலையை ஆட்டினேன். அந்த வார்த்தைக்குப் பதிலாக எல்லாரும், இல்லை இல்லை உங்க சௌகரியம்தான் என்பார்கள், அதோடு முடியும். இந்த மனிதர் உடனே, அப்ப அலைய வேண்டாம், வீட்டை ஒட்டியே மண்டபம் இருக்குல்லா, நாங்க ரெண்டு பஸ்ல வாரோம், இங்கனயே தெருவுல நிப்பாட்டிக்கிடலாம் என்றார். அப்பா என்னைப் பார்த்தார். நான் என்ன செய்ய. தட்டு இன்னும் கை மாறவில்லை, பிருந்தா உள்ளே பட்டுப்புடவையோடு நிற்கிறாள். சரி என்று சொல்லித்தான் தட்டை வாங்கினோம். நாக்கை நான் இழுத்து வைத்து நறுக்கியிருக்கலாம்.

மறுநாள் அப்பா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, வெற்றிலை பாக்குப் பழத்தோடு ஆவுடைநாயகத்தைப் பார்க்கப் போனார். எத்தனை வருஷம் அவன் பெயரைச் சொன்னாலே முகத்தைத் திருப்பினவர். அவன் ஏசியிருந்தால்கூட எனக்கு மனசு ஆறியிருக்கும். எழுந்து வந்து கையைப் பிடித்து உட்கார வைத்து, நம்ம வீட்டுப் பிள்ளை கல்யாணம் அண்ணாச்சி, நாள் குறிச்சிட்டேன், ஆனா மண்டபமே இருக்கக் கூடாதுன்னு கேஸ் போட்டிருக்கிறவருக்கு நான் எப்பிடி மண்டபம் விட, நீங்களே சொல்லுங்க என்றானாம். அதில் என்ன தப்பு என்று அப்பா என்னையே கேட்கிறார். வக்கீல் வேறு சொல்லிவிட்டார், இனி இந்தத் தெருவில் யார் கேஸ் போட்டாலும் உங்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகைதான் ஆவுடைநாயகத்துக்கு முதல் சாட்சி என்று. ஆக நம் கேஸோடு முடியவில்லை, எல்லாருக்கும் சேர்த்து முடித்துவிட்டு வந்திருக்கிறார். வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் பொழுது சாயும் வரை உட்கார்ந்திருந்தார். பிருந்தா அழுகிறாள், எனக்குக் கல்யாணமே வேண்டாம் என்கிறாள். ஏட்டி சும்மா கிட என்று அதட்டி வைத்திருக்கிறேன். அவளுக்கு இதையும் விட்டால் வேறு இடம் வராது, அது அவளுக்கும் தெரியும்.

பாலம்மாளுக்கு நான்தான் போய்ச் சொன்னேன். அப்பாவுக்கு அந்த வாசல் ஏற முகம் இல்லை. ஏசுவாள், ஏசட்டும், வாங்கிக்கொண்டு வருவோம் என்றுதான் போனேன். அண்ணாச்சிக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டாள். குங்குமம் எடுத்துக்கொண்டாள், மாப்பிள்ளைக்கு எந்த ஊர், நல்ல பையனா என்று விசாரித்தாள், பிருந்தாவுக்கு ஒரு வழி பிறந்ததே என்று நிஜமாகவே சந்தோஷப்பட்டாள். அண்ணாச்சியின் வாயைத் துடைத்துவிட்டு, மதினி நீங்க கவலைப்படாதிய, முந்தின நாளே இவுகளை எங்க அக்கா வீட்டுக்குக் கொண்டு போயிருதேன், எங்க வாசல் சும்மாத்தான் கிடக்கும், உங்க சம்பந்தி பஸ்ஸை அங்கன நிப்பாட்டிக்கிடச் சொல்லுங்க என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை நடராஜ். இடம் இல்லாமல் நாம் தவித்துப்போவோமே என்றுதான் சொன்னாள். நான் சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். வேறு என்ன சொல்ல முடியும், பஸ் நிற்க வேறு இடம் இல்லையே.

வைகாசி இருபத்தைந்து முகூர்த்தம், முன்கூட்டியே லீவு போட்டுவிடு. அப்பாவிடம் கேஸைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காதே. ஸ்டேஷனிலிருந்து கார் பிடித்தால் முக்கிலேயே இறங்கிக்கொள், அந்த வாரம் முழுவதும் மண்டபத்தில் கல்யாணம், தெருவுக்குள் வண்டி வராது. பெட்டியைச் சுமந்து கையை முறித்துக்கொள்ளாதே, சாமான் குறைவாகக் கொண்டு வா. நெல்லையப்பர் துணையால் நீங்கள் மூவரும் நூறாண்டு தீர்க்காயுசாக இருக்க வேண்டும். குழந்தைக்கு ஆயிரம் முத்தம்.

இப்படிக்கு
உன் அம்மா
கு. அன்னத்தாய்