இரண்டு தடவை படித்த காகிதம்

மார்ச் 4
நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள். எனக்கு எழுத்து வராது. ஆனால் எதுவும் மறக்காது. முப்பத்தொரு வருஷம் கட்சித் தலைமை அலுவலகத்தில் லிஃப்ட் ஓட்டினேன். ஆறாம் மாடியில் கோப்பு அறை எரிந்த அன்று தலைவரை அங்கே ஏற்றிப்போனது நான்தான். கூட வந்தவன் கையில் பெட்ரோல் கேன். "ஜெனரேட்டருக்கு" என்றான். ஜெனரேட்டர் இருப்பது கீழே. அறைக்குள் இருந்த காவலாளி, என் கூட்டாளி, வெந்து செத்தான். வழக்கில் நான் ஒருத்தன்தான் சாட்சி.

மார்ச் 9
தலைவர் மறுபடி தேர்தலில் நிற்கிறார். எண்பத்திரண்டு வயசு. மேடை ஏற்ற இரண்டு பேர் வேண்டியிருக்கிறது. பதவியில் இருக்கிறவரை வழக்கு நகராது. இறங்கினால் மறுநாளே கூண்டு. பின்னே எப்படி விடுவார்? வழக்கு போட்டுப் பதினோரு வருஷமா நானும் சாகாம உக்காந்திருக்கேன்.

மார்ச் 12
வாசலில் போலீஸ்காரர். சாட்சிக்குப் பாதுகாப்பாம். பால் வாங்கப் போனாலும் பின்னாலேயே வருகிறார். "என்னைக் கடத்திட்டுப் போய் யாருப்பா சோறு போடப்போறான்?" என்றேன். சிரித்தார். விடவில்லை.

மார்ச் 20
மகள் வேலைக்குப் போன நேரம் பார்த்துத் தலைவரின் வக்கீல் வந்தார். வாசல் போலீஸ்காரர் வழிவிட்டார். கையில் ஒரு காகிதம், மைப்பெட்டி. "வயசாச்சு, கோர்ட்டுக்கு அலைய முடியலைன்னு எழுதியிருக்கு, ஐயா. கைநாட்டு வெச்சா போதும்." படிக்கச் சொன்னேன். படித்தார். இன்னொரு தடவை என்றேன். முதலில் முழங்கால் வலி என்றவர் இப்போது முதுகுவலி என்கிறார்!
"தம்பி, அதுக்குள்ள வலி மேல ஏறிடுச்சா?"
காகிதத்தைப் பிடுங்கி அடியில் போட்டு உட்கார்ந்துகொண்டேன். கிழவனை எப்படிக் கிளப்புவார்? கத்திவிட்டுப் போனார். சாயங்காலம் மகள் படித்தாள். தீப்பிடித்த அன்று தலைவர் லிஃப்டில் வரவே இல்லை என்று நான் சொன்னதாக இருந்தது.

மார்ச் 21
இப்போது இரண்டு போலீஸ்காரர்கள். பாலை அவர்களே வாங்கி வந்துவிடுகிறார்கள். நான் வாசல் தாண்டக் கூடாதாம்.

ஏப்ரல் 2
மகளுக்கு மாற்றல். ஒரு ராத்திரி, ஒரு பகல் ரயில் தூரம். "நீ கைநாட்டு வெச்சிருந்தா..." என்று ஆரம்பித்தாள். முடிக்கவில்லை. இதையும் எழுது என்றேன். எழுதினாள்.

ஏப்ரல் 17
ஜெயித்துவிட்டார். இன்னும் ஐந்து வருஷம். டிவியில் இரண்டு பேர் பிடித்துக்கொள்ளக் கையசைத்தார். எனக்கு அவ்வளவு நாள் கிடையாது.
மகள் நாளை கிளம்புகிறாள். இந்த நோட்டை முதலிலிருந்து படிக்கச் சொன்னேன். இரண்டு தடவை. ஒரு சொல்கூட மாறவில்லை. வக்கீல் விட்டுப்போன மைப்பெட்டி அலமாரியில்தான் இருந்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கைநாட்டு வைத்தேன். இந்தப் பக்கத்திலும் வைக்கப்போகிறேன். காய்ந்ததும் நோட்டு அவள் பெட்டியில் துணிகளுக்கு அடியில் போய்விடும்.
நல்லவேளை, அவளோடு பாதுகாப்புக்கு யாரும் போகப்போவதில்லையாம். போலீஸ்காரரிடமே கேட்டுவிட்டேன்.