நொச்சி எண்ணெயும் நீ போகாத இரண்டு ஊசிகளும்

அக்கா,

இன்று காலை ஆய்வகக் குளிர்பெட்டியைத் திறந்ததும் நொச்சி வாடை முகத்தில் அடித்தது. யாரோ எண்ணெய்க் குப்பியைச் சரியாக மூடவில்லை. மூடியைத் திருகி வைத்துவிட்டு வேலையைப் பார்த்திருக்கலாம். முடியவில்லை. வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

கீரமங்கலத்தில் உன் பூக்கொல்லை வரப்பில் நீ ஒடித்துக் கொடுத்த இலை அது. இரண்டு உரச்சாக்கு நிறைய. அப்போது மார்பில் புற்றுக்கட்டியை எடுத்து, உனக்கு ஊசி மருந்து இரண்டு முறை ஏறியிருந்தது. முடி கொட்டிய தலையில் துண்டு கட்டியிருந்தாய். "ஏண்டா, இம்புட்டுப் படிச்சுப்புட்டு, கொசுவுக்குப் பொகை போடுற எலையவா தேடி வந்த?" என்று சிரித்தாய்.

எங்கள் சோதனை பெரிய வித்தை இல்லை. இலையை ஆவியில் வடித்தால் சில சொட்டு எண்ணெய் கிடைக்கும். அது தண்ணீரில் கலக்காது. ஒரு கரைப்பானில் கரைத்து, தட்டின் சின்னச் சின்னக் குழிகளில் வளரும் புற்றுநோய்ச் செல்கள்மேல் விடுவோம். பிறகு மஞ்சள் சாயம். உயிருள்ள செல் அதை ஊதாவாக்கும். செத்திருந்தால் மஞ்சள் மஞ்சளாகவே கிடக்கும். கரைப்பானே செல்லைக் கொல்கிறதா என்று அறிய, அதை மட்டும் சில குழிகளில் தனியாக விட்டுப் பார்த்தாக வேண்டும். முதல் வருடம் படிக்கிறவனுக்கும் இது தெரியும். எனக்கு அவசரம். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

தட்டு முழுக்க மஞ்சள். நின்ற இடத்திலேயே படமெடுத்து உனக்கு அனுப்பி, போனும் போட்டேன். "மஞ்சளா இருக்கதெல்லாம் செத்த கேன்சர் செல்லு, அக்கா. ஒன் எலைதான் கொன்னுச்சு."

ஒன்றரை மாதம் கழித்துத்தான் வெறும் கரைப்பானை விட்டுப் பார்த்தேன். அந்தக் குழிகளும் மஞ்சள். கரைப்பானை அளவுக்கு மேல் ஊற்றியிருக்கிறேன். உடனே உன்னைக் கூப்பிட்டேன்.

"அக்கா, அந்தப் படத்த நம்பாத. தப்பாப் போச்சு."

"அப்ப எலை கொல்லலையா?"

"இல்ல. அதக் கரைக்க ஊத்துனதுதான் கொன்னுருக்கு."

"சரி, அதயாச்சும் ஒரு பாட்டில் குடுத்து விடு, குடிக்கிறேன்."

இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு நீ குரலை இறக்கிச் சொன்னாய்: "நான் ரெண்டு ஊசிக்குப் போகலடா. எலையத்தான் அவிச்சுக் குடிக்கிறேன். ஊசி போட்டா ஒரு வாரம் சோறு எறங்கல. நீதான் செத்துருச்சுன்னியே."

"செல்லு வேற, மனுசி வேற! இதுகூடவா தெரியாது?" என்று கத்தினேன். நான் சொல்லாதது உனக்கு எப்படித் தெரியும்?

மறுநாளே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். விட்ட ஊசியைத் தொடர்ந்தார்கள். ஆனாலும் நோய் நுரையீரலுக்குப் போய்விட்டது. "அந்த ரெண்டு ஊசியாலதான்னும் சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாது" என்றார் டாக்டர். தட்டென்றால் இன்னொரு வரிசை விட்டு ஒப்பிட்டுப் பார்க்கலாம். எல்லா ஊசியும் போட்டுக்கொண்ட இன்னொரு நீ எங்கே இருக்கிறாய்?

நீ போனபிறகு உன் போனைத் தேடினேன். அந்தப் படம் இல்லை. அழித்திருக்கிறாய். அத்தானிடம், "எனக்குத்தான் ஊசி வேணாம்னு தோணுச்சு" என்று சொல்லியிருக்கிறாய். கடைசிவரை என்னை மாட்டிவிடவில்லை.

சென்ற மாதம் உன் மகள் கேட்டாள். "மாமா, அம்மா ஏன் அந்த ரெண்டு ஊசிக்குப் போகல?"

நீ கட்டிவைத்த பொய்யையே நானும் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "நான் சொன்னத நம்பித்தாம்மா" என்று ஆரம்பித்து முழுதும் சொன்னேன். அவள் அழவில்லை. எழுந்து உள்ளே போய்விட்டாள்.

போன ஞாயிறு மறுபடி போயிருந்தேன். சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள். மாமா என்று ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை. அடுத்த ஞாயிறும் போவேன் அக்கா.