சிகாகோ பேர் போட்ட ரெக்கார்டு

தேனி
9.11.2004

அன்புள்ள மகன் ஜோஷ்வாவுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் அப்பாவும் நடமாட்டமாக இருக்கிறோம், அந்தக் குளிரில் நீ இருமல் காய்ச்சல் இல்லாமல் இருக்கிறாயா என்பதுதான் எனக்கு எந்நேரமும் நினைப்பு. சின்னமனூரில் அக்கா ஜெபஷீலா சுகம், அவள் மாமியாருக்கு மட்டும் முழங்கால் வலி. இங்கே மழை விட்டபாடில்லை, துவைத்த துணி மூன்றாம் நாளும் ஈரமாகவே கிடக்கிறது. அவரைக்காய் நறுக்க உட்கார்ந்தவள் பாதியில் எழுந்து வந்து இதை எழுதுகிறேன். கொஞ்ச நாளாகவே எந்த வேலையும் ஓடவில்லை, அடுப்படிக்குப் போனால் எதற்கு வந்தோம் என்று நிற்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டாயே, அப்பாவுக்கு என்மேல் கோபமா, ரெண்டு வார்த்தை பேசியதும் ஏன் உங்களிடம் கொடுத்துவிடுகிறார்கள், மைக் செட் கடையைப் பார்க்காமல் அமெரிக்கா வந்துவிட்டேன் என்றா என்று. லைன் சரியில்லை என்று மழுப்பிவிட்டேன். அப்பா பக்கத்தில்தான் இருந்தார்கள், நான் உண்மையைச் சொல்லியிருந்தாலும் அவர்களுக்குக் கேட்டிருக்காது, ஆனாலும் எனக்கு நாக்கு வரவில்லை. அதனால்தான் இந்தக் காகிதம்.

முதலில் இருந்தே சொல்கிறேன். போன வருஷம் அப்பா ஆம்ப்ளிபயருக்கு ஏதோ சாமான் தேடிப் போடிக்குப் போனார்கள். அங்கே பழைய இரும்புக்கடையில் ஒரு மரப்பெட்டி நிறைய சின்னச் சின்ன ரெக்கார்டுகள், மலைமேல் ஏலக்காய்த் தோட்டத்து பங்களாவைக் காலி பண்ணியபோது வந்ததாம். நடுவில் ஓட்டை பெரிதாக இருக்கிறது, நம் ஊர் மெஷினில் நிற்காது, உருக்கத்தான் ஆகும் என்று கடைக்காரன் சொல்லியும் அப்பா பெட்டியோடு தூக்கி வந்துவிட்டார்கள். எதற்கு இந்தக் குப்பை என்று நான் சண்டை போட்டேன். அப்பா ஒன்றை எடுத்து என் மூக்குக்கு நேரே நீட்டி, நல்லாப் பாரு, நம்ம பய ஊரு பேரு போட்டிருக்கு என்றார்கள். நடுக்காகிதத்தில் சிகாகோ என்று அச்சடித்திருந்தது. அதற்காகத்தான் வாங்கியிருக்கிறார்கள். உன் பழைய ஹவாய் செருப்பை வட்டமாக வெட்டி அந்த ஓட்டையில் வைத்து, நடுவில் துளை போட்டு, ஒருவழியாக ஓடவிட்டார்கள்.

ஒரு பொம்பளை பாடுகிறாள் தம்பி. எனக்கு ஒரு வார்த்தை விளங்கவில்லை, ஆனால் அடிவயிற்றில் இருந்து வருகிற குரல், துட்டி வீட்டில் ஒப்பாரி வைக்கிறவள் நடுவில் மூச்சு வாங்குவது மாதிரி நிறுத்தி நிறுத்திப் பாடுகிறாள். அடிக்கொருதரம் லார்ட், லார்ட் என்கிறாள். அப்பா அதைக் கிறிஸ்தவப் பாட்டு என்றே முடிவு கட்டிவிட்டார்கள். போன வருஷம் கோயில் அசன விருந்துக்கு நம் செட்தானே, கறி வேகும்போது வாசலில் குழாய் ஸ்பீக்கரில் அதைப் போட்டு பஜார் முழுக்க அலறவிட்டார்கள். போதகரே கண்ணை மூடித் தலையாட்டினார். அப்போது பெரியகுளத்துப் பையன் திலீபன், பழைய ரெக்கார்டு சேர்க்கிறவன், பஸ்ஸில் இருந்து பாதி வழியில் குதித்து ஓடி வந்தான். ஐயா இது சாமி பாட்டு இல்ல, புருசன் விட்டுட்டுப் போயிட்டான்னு அழுகுறா என்றான். இதற்கு சோல் என்று பேராம், கறுப்பு சனங்கள் கோயிலில் பாடிப் பழகிய குரலிலேயே வீட்டுக் கஷ்டத்தைப் பாடுவதாம். இந்தம்மா பாடுனதே இது ஒண்ணுதான் போல, உலகத்துல எத்தன பேருகிட்ட இருக்கோ, எனக்குக் குடுத்துருங்க என்று கெஞ்சினான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அப்பாவோ, புருசன் போனதுக்கும் கர்த்தரத்தான கூப்பிடுறா, அப்ப நம்ம பாட்டுத்தான், எம் மவன் ஊரு ரெக்கார்டு குடுக்குறதுக்கில்ல என்று சொல்லிவிட்டார்கள். அன்றைக்கு இருந்து மத்தியானச் சாப்பாடு முடிந்தால் அந்தப் பாட்டுதான். எனக்கும் அது இல்லாமல் பாத்திரம் கழுவ ஓடாது.

இந்த வருஷம் சத்தத்தை ஏற்றிக்கொண்டே போனார்கள். எதிர்வீட்டு அக்கம்மாள் வந்து சத்தம் போட்டாள், ஆசை முற்றிவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன். போன வாரம் பெண்கள் கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்தால் சத்தமே இல்லை, தூங்குகிறார்கள் போல என்று எட்டிப் பார்த்தேன். ரெக்கார்டு சுற்றிக்கொண்டிருக்கிறது. காலையில் கூட்டும்போது ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கியவள் மாட்ட மறந்திருக்கிறேன், ஊசியில் இருந்து கொசு மாதிரி ஒரு சத்தம்தான் வருகிறது. அப்பா கண்ணை மூடி, தொடையில் தாளம் போட்டு, அவள் இழுக்கிற இடத்தில் சரியாகத் தலையை ஆட்டுகிறார்கள். முடிந்ததும் ஊசியை எடுத்துவிட்டு என்னைப் பார்த்து, சாராளு, இன்னைக்கு என்னமாப் பாடியிருக்கா பாத்தியா என்றார்கள். ஆமா என்று சொல்லிவிட்டு உள்ளே போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன்.

அத்தனை வருஷம் குழாய்க்கு அடியிலேயே நின்ற காது. வலது பக்கம் நின்று கத்தினால் கொஞ்சம் கேட்கிறது. மதுரைக்குப் போய் டாக்டரிடம் காட்டுவோம் என்றால் எனக்கென்ன கேடு என்று எரிந்து விழுகிறார்கள். கோபம் இல்லையப்பா, உன்மேல் ஒரு கோபமும் இல்லை. நீ கிறிஸ்மஸுக்கு லீவு கேள், நீ கூப்பிட்டால்தான் டாக்டரிடம் வருவார்கள், இருக்கிறதையாவது காப்பாற்ற வேண்டும். வந்தால் வலது பக்கமாக உட்கார்ந்து பேசு. அதுவரை போனோடு நிறுத்தாமல் அப்பா பேருக்குக் கொட்டை எழுத்தில் காகிதம் போடு. நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே.

ஆண்டவர் உன்னைத் தாங்கி நடத்துவார், நேரத்துக்குத் தூங்கு, காதை மூடித் தொப்பி போட்டுக்கொள். இதோ அப்பா வந்து யாருக்கு என்று கேட்டார்கள், வலது பக்கமாகப் போய் உன் பேரைச் சொன்னேன். இதையும் எழுதச் சொல்கிறார்கள். போன்ல பய குரலு ரொம்ப மெலிஞ்சு கேக்குது, அங்கன ஒழுங்காச் சாப்பிடுறானா இல்லையான்னு கேட்டு எழுது.

அன்பு அம்மா
சாராள்