புது யூனிஃபார்ம் வந்த நாள்

செவ்வாய், இரவு

ஜெயித்துவிட்டோம் என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

சிதம்பரம் ஆஸ்பத்திரியில் ஆயாக்களான எங்களுக்கு இனிமேல் புடவை கிடையாது, பேண்ட் சட்டைதான் என்று நிர்வாகம் சொன்னது. அதற்கான காசைச் சம்பளத்தில் பிடிப்போம் என்றதும் சங்கக் கூட்டத்தில் முதலில் எழுந்தது எங்களோடு வேலை பார்க்கும் ஜெயா அக்காதான். "மாத்தச் சொன்னது அவுங்க. நாம எதுக்குக் குடுக்கணும்?" கடலூரில் தொழிலாளர் அதிகாரி முன்னாலும் இதையே சொன்னார். காசு பிடிப்பதில்லை என்று நிர்வாகம் இறங்கி வந்தது.

இன்று மதியம் மேனேஜர் எங்களுக்குப் புது யூனிஃபார்ம் கொடுத்தார். அக்காவிடம் மட்டும், "ஒன்ன திட்டக்குடி கிளைக்கு மாத்தியாச்சு, நாளைக்கே போயிடு" என்றார். அக்காவுக்கு வீடு புவனகிரியில். மாமியார் படுத்த படுக்கை. தினமும் அவ்வளவு தூரம் போய்வர முடியாது என்று மேனேஜருக்கும் தெரியும்.

உடை மாற்றும் அறையில் அக்காவிடம், "எனக்கு இது வேணாங்க்கா, திருப்பிக் குடுத்துடறேன்" என்றேன்.

"பைத்தியமா நீ? இதுக்குத்தானே இவ்ளோ பேசுனோம். போட்டுக்கோ."

நாளைக்கு எல்லோரும் வேலைக்குப் போகாமல் வாசலில் உட்காரலாமா என்று கேட்க நினைத்தேன். சுற்றிலும் எல்லோரும் சட்டையைத் தோளில் வைத்து அளவு பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தேன். "நல்லாத்தான் இருக்குது" என்றார் இவர். அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

காலையில் டியூட்டி. அளவு சரியாகத்தான் இருக்கிறது.