பிரீசரில் ஒரு ஸ்வெட்டர்

நவம்பர் 4, செவ்வாய்

கண் மருத்துவமனை வரவேற்பில் நாள் முழுக்கப் பேசிவிட்டு வந்தால், வீட்டில் பேச ஆளில்லை. ஆள் இருக்கிறார். தன் அச்சகத்தை மூடிய நாளிலிருந்து வாயையும் மூடிக்கொண்டார். "சாப்டீங்களா?" என்றால் "ம்." அந்த 'ம்'முக்கு என்ன அர்த்தம்? இத்தனை வருடம் குடித்தனம் நடத்தியும் தெரியவில்லை.

அவருக்கு ஸ்வெட்டர் பின்னுகிறேன். மொஹேரும் லினனும் கலந்த நூல். ஒன்று ஆட்டு முடி, பிடித்தால் விடாது. மற்றது செடி நார், வளைந்துகொடுக்காது. நல்ல ஜோடிதான்.

நவம்பர் 9, ஞாயிறு

முதுகுப் பக்கம் முடிந்தது. கை வலி.

நவம்பர் 18, செவ்வாய்

ஸ்வெட்டர் முடிந்தது. அலசிக் காயவைத்து, அவரைப் போடச் சொன்னேன். மறுபேச்சில்லாமல் போட்டுக்கொண்டார். தோள் முழங்கைக்கு இறங்கிவிட்டது. தண்ணீர் பட்டால் லினன் தொய்யும், தெரியும். ஆனால் இது அது மட்டும் இல்லை. பீரோவில் கிடந்த அவருடைய பழைய சட்டையை வைத்துத்தான் அளவெடுத்திருந்தேன். ஆள் பாதியாகியிருக்கிறார்.

தினம் தட்டு வைக்கிறவ நான்தானே — எப்படிப் பாக்காம போனேன்? இவ்ளோ நாளா எதைப் பாத்துட்டிருந்தேன்?

நவம்பர் 19, புதன்

சின்னதாக மறுபடி பின்னலாம் என்றால், பிரிக்கவும் வரவில்லை. முடியோடு முடி சிக்கி, இழுத்தால் அறுகிறது. நூல்கடை அக்காவுக்குப் போன் செய்தேன். "இழுக்காதம்மா. கவர்ல போட்டு பிரீசர்ல வை. குளிர்ல முடி பிடிய விட்டுடும்." போகாத ஊருக்கு வழி சொல்கிறாள் என்று நினைத்தேன். இருந்தாலும் வைத்தேன்.

நவம்பர் 20, வியாழன்

ஐஸ் எடுக்கப் போனவர் பிரீசரைத் திறந்தபடியே நின்றார்.

"என்ன, ஸ்வெட்டருக்கு ஜுரமா?"

அவர் கிண்டல் செய்து எத்தனை மாதம். "ஆமா, உடம்பெல்லாம் வீக்கம்," என்றேன்.

நான் பிரிக்க, அவர் சுற்றினார். விரல் மரத்துவிட்டது. சிக்கும்போதெல்லாம் "இரு, இரு" என்று நகத்தால் விடுவித்தார். ஸ்வெட்டரின் ஒரு கை மட்டும் மசியவில்லை. மறுபடி பிரீசரில் வைத்திருக்கிறோம்.

நவம்பர் 23, ஞாயிறு

நாடாவை எடுத்துப் போய் இந்த முறை ஆளையே அளந்தேன். கையைத் தூக்கி நின்றார். நாடாவுக்கு அடியில் விலா எலும்பு தட்டுப்பட்டது. அளவை எழுதிக்கொண்டேன்.

"ரெண்டு இன்ச் கூட வெச்சுக்கோ," என்றார். "உடம்பு போட்டுடுவேன்."

கூட வைத்துத்தான் ஆரம்பித்திருக்கிறேன்.