சமீராவின் இரண்டு கடைசிச் சொற்கள்

என் கண்ணான சமீராவுக்கு,

நீ கண்மூடிய பிறகு நாம் வேலை செய்த முதியோர் இல்லத்துச் சலவை அறையில் என்னோடு பேச ஆளில்லை. உன் இடத்தில் நிற்கும் பெண் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு துணி மடிக்கிறாள். சிரியாவிலிருந்து வந்த நீயும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த நானும் பேசிய அந்த உடைந்த டொச் மொழி, இந்த ஜேர்மனியில், ஹம்பேர்க்கில், வேறு யாருக்கு விளங்கும்? டொச்சுக்காரருக்கே தலை சுற்றுமே! என் பிள்ளைகளும் வேறு ஊர்களில். வீட்டுக்கு வந்தால் சுவரோடுதான் பேச்சு.

உன்மேல் எனக்குக் கோபமும் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் உன் மூத்த மகள் ஹுதாவின் கையைப் பிடித்து, "அப்பாவையும் தங்கச்சியையும் விட்டுப் போகாதே" என்றாய். எல்லோரும் தொழப் போன நேரத்தில் என்னிடம், "ஹுதா குசினி இல்லை. ஹுதா படிப்பு" என்று நம் உடைந்த டொச்சில் சொன்னாய், அவள் அடுப்படியில் நிற்காமல் படிக்கவேண்டுமென்று. அதன்பின் நீ பேசவேயில்லை. ஏனடி இப்படிச் செய்தாய்? பயமா, இல்லை இரண்டுமே உனக்கு வேண்டியிருந்ததா? தாதிப் படிப்புக்கு இரண்டு முறை இடம் கிடைத்தும் நீயே போகவில்லை. முதலில் மாமியாரின் நோய், பிறகு சின்னவள் மரியம் வயிற்றில் வந்தாள்.

உங்கள் வீட்டில் சாகிறவரின் கடைசிச் சொல் வஸிய்யத். அதை மீறினால் பாவம். பிராங்பேர்ட் பல்கலைக்கழகத்தில் கிடைத்த இடத்தை, நீ அவளுக்குச் சொன்னதை மீறக்கூடாதென்று, ஹுதா வேண்டாமென்று சொல்லப்போகிறாள் எனக் கேள்விப்பட்டதும் உன் வீட்டுக்கு ஓடினேன். பிறத்தியாள் நான் இதில் வாய் திறக்கலாமா என்று வாசலில் நின்று யோசித்துவிட்டுத்தான் மணியை அடித்தேன்.

நீ எனக்குச் சொன்னதை உன் கணவர் நம்பவில்லை. "அவள் அப்படிச் சொல்ல மாட்டாள்" என்றார். நீ சொன்னபடியே, உன் பிழைகளோடு, சொல்லிக் காட்டினேன். அவருக்கு உன் பேச்சுத் தெரியாதா? தலையைக் குனிந்துகொண்டு அழுதார். பிறகு கேட்டார்.

"எது கடைசி?"

"எனக்குச் சொன்னதுதான்."

"அப்ப அவள் போகட்டும்."

ரயில் ஏறும் முன் ஹுதா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "அன்ரி, அம்மா ஏன் இதை என்னட்டச் சொல்லேல்லை?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியை உனக்கே அனுப்புகிறேன். பதில் உன்னிடம் இருக்கிறதா?

போன ஞாயிறு உன் வீட்டுக்குப் போனேன். பத்து வயது மரியம் முக்காலியில் ஏறி நின்று பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். வளர்ந்த அண்ணன் காலித் மேசையில் இடித்த புளி மாதிரி இருந்து போனைத் தடவிக்கொண்டிருந்தான். ஒருத்தியை ரயிலேற்றிவிட்டு மற்றவளை அவள் இடத்தில் நிறுத்தவா நான் இவ்வளவு பாடுபட்டேன்?

"எழும்பு தம்பி, உனக்கும் ரெண்டு கை இருக்குத்தானே?" என்று பாத்திரம் துடைக்கிற துவாயை அவன் தோளில் போட்டேன். முறைத்தான். ஆனால் எழும்பினான். மரியம் முக்காலியை விட்டு இறங்காமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். இறங்கலாமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

இனி ஒவ்வொரு ஞாயிறும் போவேன். காலித் சோறாக்கப் பழகும்வரை விடமாட்டேன். தனியே தின்று சலித்த எனக்கும் அது நல்லதுதான். ஹுதாவுக்கு நீ இரண்டு சொல் விட்டுப் போனாய். மரியத்துக்கு ஒன்றுமே சொல்லவில்லை. "மரியமும் குசினி இல்லை, மரியமும் படிப்பு" என்று அவளுக்கு நான் சொல்வேன். ஒளித்து அல்ல, அவளுடைய அப்பாவும் அண்ணனும் கேட்க, நீ உயிரோடு இருக்கும்போது சொல்லத் துணியாத அந்த உரத்த சத்தத்தில் சொல்வேன்.

உன் கூடப் பிறக்காத அக்கா,
தவமணி